பனைவிட்டத்தில் முட்டிய விரிசல்

கிர்ர்... கிர்ர்... என்று, காய்ந்த விரலி மஞ்சளை யாரோ கடைவாயில் போட்டு நிதானமாகக் கடிப்பதுபோன்ற சத்தம்தான் முதலில் வந்தது. பார்க்க அப்போது ஒன்றும் இல்லை. ஏலம் முடிந்து, வியாபாரிகள் வண்டியேறிப் போய், மூட்டை தூக்குகிற நாங்கள் தோள் துண்டை உதறிவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிற உச்சிப் பொழுதில், அர்த்தநாரி முதலாளியின் மஞ்சள் கிடங்குக்குள்ளிருந்து அது கேட்கும், கொஞ்ச நேரம் கடிக்கும், பிறகு விழுங்கியதுபோல ஓர் அமைதி, அவ்வளவுதான். வண்டு என்று நினைத்தோம். மூட்டைகளைப் புரட்டிப் பார்த்தோம், வண்டும் இருந்தது, ஆனால் சத்தம் வண்டினுடையது அல்ல, மேற்குச் சுவருடையது என்று தெரிந்தபோது அந்தச் சுவரின் இடது மூலையில் ஒரு விரிசல் முழ நீளத்துக்கு ஓடியிருந்தது.

விரிசல் என்றால் எங்கள் ஊர்ச் சுவர்களில் இல்லாததா? முதலாளி கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசச் சொன்னார். பூசிய மறுநாள், அதே உச்சிப் பொழுதில், அதே கடிக்கிற சத்தத்தோடு, ஈரம் காயாத சிமெண்டைக் கிழித்துக்கொண்டு விரிசல் அதே வழியில் திறந்தது, திறந்ததோடு நிற்காமல் வலது பக்கமாக ஒரு விரற்கடை முன்னால் போய், கொஞ்சம் மேலே ஏறி நின்றது. கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "இது என்ற கைக்கு நிக்கறது இல்லீங்க மொதலாளி, இதுக்கு ஏதோ சோலி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ன சோலி என்று கண்டுபிடித்தவன் மோகனசுந்தரம். பேருந்து நிறுத்தத்தில் செல்போன் கடை வைத்திருந்தான். கூட்டம் இல்லாத நேரமெல்லாம் போனில் சந்தை வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே படித்தவன். கோடு ஏறினால் ஏன் ஏறியது, இறங்கினால் ஏன் இறங்கியது என்று ரீசார்ஜ் செய்ய வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவான், யாரும் காது கொடுத்ததில்லை. முதலாளி கூப்பிட்டதால் வந்து விரிசலைப் படம் எடுத்தவன், அந்தப் படத்தைப் பார்த்தான், போனிலிருந்த மஞ்சள் விலையின் கோட்டைப் பார்த்தான், மறுபடி சுவரைப் பார்த்தான், அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். இரண்டும் ஒன்று. ஏற்றத்துக்கு ஏற்றம், இறக்கத்துக்கு இறக்கம், மாசியில் விலை சறுக்கியதுகூட அதே சறுக்கலாகச் சுவரில் இருந்தது. அன்றைய ஏலத்தின் விலை எதுவோ அதைச் சுவர் அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டிருந்தது.

இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மஞ்சளை விளைய வைப்பது பாதி வேலை, விற்காமல் வைத்திருப்பது மீதி வேலை. தக்காளிக்காரன் பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டும், மஞ்சள்காரன் அப்படியில்லை. வேகவைத்துக் காயப்போட்டு மூட்டை கட்டிவிட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும், விலை வரும் என்று கிடக்கும், வந்த விலையை விட்டுவிட்டு அதைவிட நல்ல விலைக்காகக் கிடக்கும், வண்டு ஒருபக்கம் தின்ன மனுஷன் ஒருபக்கம் காத்திருப்பான். அப்படிக் காத்திருக்கிறவர்களின் நடுவில் ஒரு சுவர் விலையை எழுத ஆரம்பித்தால் அது ஏன் எழுதுகிறது என்றா கேட்பார்கள்? அடுத்து எந்தப் பக்கம் போகும் என்றுதான் கேட்பார்கள்.

சுவருக்குச் சந்தனம் வைத்தார்கள். எதிரே பெஞ்சு போட்டார்கள், பெஞ்சுக்கு ஆள் வந்ததும் டீக்கடை வந்தது. கிடங்குச் சந்தில் பிள்ளைகள் பந்து விளையாடக் கூடாது என்று ஆயிற்று, லாரி பின்னால் வருவதற்குத் தடை ஆயிற்று, சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த வீட்டுக்காரி தன் சுவரில் ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் பெஞ்சில் வந்து கேட்டுவிட்டு அடித்தாள். மோகனசுந்தரம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒரு மூங்கில் குச்சியோடு சுவரோரம் நின்றான். விரிசல் இரண்டு தடவை ஏறி இறங்கிய இடத்துக்கு மாட்டுக்கொம்பு என்று பெயர், பெரிய பானையின் அடிபோல வளைந்து கிடந்த இடத்துக்கு மொடா என்று பெயர், கொம்பு வந்தால் இறங்கும், மொடா வந்தால் ஏறும். கொம்பு வந்தும் ஏறிவிட்டால் அதற்குப் பொய்க்கொம்பு என்று பெயர். மொடா வந்தும் இறங்கிவிட்டால் அது ஓட்டை மொடா. தப்பிப்போன ஒவ்வொரு கணிப்புக்கும் அவனிடம் ஒரு பெயர் இருந்தது, பெயர் இருந்ததால் அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நோய்க்கு டாக்டர் பெயர் சொல்லிவிட்டால் பாதி சுகமானதுபோல இருக்குமே, அப்படி.

அந்தப் பெஞ்சில் காலையில் வந்து உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பார் சென்னியப்பன். ஊருக்கு மேற்கால இருந்த, உழுது பயிரிடுகிற ஒரு துண்டுக் காடுதான் அவருக்கும் அவர் மனைவி மயிலாத்தாளுக்கும் இருந்தது. கிணறு வற்றி, இருந்த ஆழ்துளைக் குழாயும் காற்றை இறைக்க ஆரம்பித்திருந்தது. தென்னங்கன்றுகள் ஒவ்வொன்றாய்க் குருத்து சாய்ந்துகொண்டிருந்தன. கிடங்கில் கிடந்த மஞ்சளை விற்றால் புதிதாய் ஒரு போர் போடலாம், போர் போட்டால் காடு பிழைக்கும். இல்லாவிட்டால், சுற்றிலும் கல் நட்டு மனை பிரித்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தத் துண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். போர் வண்டி அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் நின்றிருந்தது. ஆடி முடிந்தால் வேறு சீமைக்குப் போய்விடும்.

மயிலாத்தாள் அதே கிடங்கின் களத்தில் மஞ்சள் புடைக்கிற வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். முறத்தை அணைத்தபடியே பெஞ்சுக்கு வருவாள், கன்னமெல்லாம் மஞ்சள் தூசி படிந்திருக்கும்.

"ஏனுங்க, இன்னைக்காச்சும் மாதிரி எடுத்துக் குடுங்க. ஏலத்துல வெச்சுப் போடலாம்."

"ஏறுது பாரு மயிலா. நேத்தைக்கும் இன்னைக்கும் எவ்வளவு ஏறிருக்குதுன்னு பாரு."

"ஏறறப்பவே வித்துப்போடுங்கன்னுதானுங்க சொல்றேன்."

"ஏறறப்ப எவனாச்சும் விப்பானா?"

"எறங்கறப்பவும் விக்க மாட்டீங்க. அப்ப எப்பத்தானுங்க விக்கறது, நான் செத்த பொறகா?"

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். "அண்ணி ஸ்டாப் லாஸ் போடச் சொல்றாங்கண்ணா" என்பான் மோகனசுந்தரம், நட்டம் கூடுவதற்குள் விற்று வெளியேறுவதற்குச் சந்தைக்காரர்கள் வைத்த அந்தச் சொல் புரிந்தவர்களும் புரியாதவர்களும் சேர்ந்து மறுபடி சிரிப்பார்கள். அவள் முறத்தோடு திரும்பிப் போவாள், போகிற வழியில் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டாள். ஊரில் அந்தச் சுவரைப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான்.

இல்லை, பார்த்தும் நம்பாத இன்னொருவர் இருந்தார். பக்கத்து ஊர்க் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிற ஹெப்சிபா டீச்சர். அவருடைய அப்பாவின் மூட்டைகளும் அந்தக் கிடங்கில்தான் கிடந்தன. கோடை விடுமுறையில் வந்தவர், சுவரின் முன்னால் வெகுநேரம் நின்று, விரலால் விரிசலைத் தொட்டுக்கொண்டே நடந்து, "இது அதிசயந்தான், அதுல சந்தேகமே இல்லை" என்றார். நாங்கள் மகிழ்ந்துபோனோம். "ஆனா இது நடந்ததைத்தானே எழுதுது. ஏலம் முடிஞ்ச பிறகுதானே சத்தமே கேக்குது. நாளைக்கு என்னன்னு இது ஒரு நாளாவது சொல்லியிருக்குதா?"

"நடந்ததுலதானுங்க டீச்சரம்மா நடக்கப்போறது இருக்குது" என்றான் மோகனசுந்தரம்.

"அப்ப ஒண்ணு செய்வோம்."

சுவர் படிக்கிறவர்கள் எல்லோரும், தினமும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல், நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று அவரிடம் காதோடு சொல்ல வேண்டும். சொன்னார்கள். ஒரு மாதம் போல நடந்தது. கடைசியில் டீச்சர் பெஞ்சுக்காரர்களை உட்காரவைத்து, சொன்னதில் சரிபாதி சரி, சரிபாதி தப்பு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் இதேதான் வந்திருக்கும் என்றார். சொல்லிவிட்டு நாங்கள் தலை குனிவோம் என்று காத்திருந்தார் பாவம்.

"பாதிக்குப் பாதி சரிங்களா!" என்றார் சென்னியப்பன், முகம் மலர்ந்துபோய். "அது போதாதுங்களா டீச்சரம்மா? ரேடியோவுல மழை சொல்றவன் அத்தனைகூடச் சொல்றதில்லீங்."

டீச்சர் விடவில்லை. ஒரு வாரம் கழித்து எதிர்ச்சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு வரைந்துவைத்திருந்தார், ஏற்றமும் இறக்கமுமாய், விரிசலுக்குத் தம்பிபோல. இது வேறொரு சரக்கின் விலை, என்ன சரக்கு என்று கேட்காதீர்கள், படித்துச் சொல்லுங்கள் என்றார். மோகனசுந்தரம் மூங்கில் குச்சியோடு போய், இதோ கொம்பு, இதோ மொடா, இந்த இடத்தில் பெரிய கை ஒன்று நுழைந்திருக்கிறது, இந்த இடத்தில் சின்ன ஆட்கள் பயந்து விற்றிருக்கிறார்கள் என்று அந்தச் சரக்கின் முழுக்கதையையும் சொன்னான்; கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் அந்தப் பயந்து விற்றவர்களுக்காக உச்சுக் கொட்டினோம். டீச்சர் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக் காட்டினார். "இதைச் சுண்டிச் சுண்டித்தான் வரைஞ்சேன். தலை விழுந்தா மேல, பூ விழுந்தா கீழ. சரக்கும் இல்லை, பெரிய கையும் இல்லை, யாரும் பயப்படவும் இல்லை."

மோகனசுந்தரத்தின் முகம் வெளுத்ததை நாங்கள் பார்த்தோம். அந்த ஒரு நொடியில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் பெஞ்சிலிருந்து அர்த்தநாரி முதலாளி எழுந்து வந்தார், நாணயத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பயபக்தியோடு, "இதைக் கெடங்குலயே வெச்சுட்டுப் போறீங்களா டீச்சரம்மா?" என்றார். அன்றிலிருந்து எதிர்ச்சுவருக்கும் சந்தனம் வைத்தார்கள். ஏலத்துக்கு முந்தி நாணயம் சுண்ட ஓர் ஆள் போட்டார்கள், விரிசலும் கரிக்கோடும் ஒரே பக்கம் போனால் உறுதி என்று ஆயிற்று.

டீச்சர் தன் அப்பாவின் மூட்டைகளை அந்த வாரமே விற்றார். மறுநாள் விலை ஏறியது. அதற்கடுத்த வாரம் அவர் விற்ற விலைக்கும் கீழே இறங்கியது. இரண்டையும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்று அவர் போகும்போது சொன்னார். ஏறியதை மட்டும் ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது. பாவம், படிச்ச பொண்ணு, அவசரப்பட்டுருச்சு என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் விரிசல் மேலேறிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சுவர் செங்கல்லும் மண்ணுமாய் எழுப்பிய பழைய சுவர். ஆள் உயரத்துக்கு மேலே, சுவரின் நீளம் முழுக்க, ஒரு பனைவிட்டத்தைப் படுக்கவைத்துப் பதித்திருந்தார்கள், ஓட்டுக்கூரையின் பாரத்தை அதுதான் வாங்கிக்கொண்டிருந்தது. விரிசல் அந்தப் பனைவிட்டம் வரைக்கும் ஏறியது, முட்டியது, இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி முட்டியது. அது முட்டித் திரும்பிய நாளெல்லாம் ஏலத்திலும் விலை அதே இடத்தில் நின்று திரும்பியது, அல்லது விலை திரும்பியதால் விரிசல் திரும்பியது. எது முந்தி என்று எங்களில் யார் பிரித்துப் பார்த்தோம்?

"அதுதாண்ணா தடை" என்றான் மோகனசுந்தரம். நாணயத்துக்குப் பிறகு அவன் குரல் பாதியாகிவிட்டிருந்தது, ஆனாலும் பெஞ்சு அவனை விடவில்லை, அவனும் போக இடமில்லாமல் நின்றான். "அதைத் தாண்டிருச்சுன்னா அப்பறம் புடிக்க முடியாது. தாண்டோணும். அவ்வளவுதான்."

சென்னியப்பன் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் கட்டிய மனுஷன். "ஏம்ப்பா மோகனு, வாய்க்கால்ல தண்ணி முட்டி நின்னா நாம என்ன பண்ணுவோம்? தானாத் தாண்டட்டும்னு வரப்புல குக்கி உக்காந்துட்டு இருப்பமா, மம்முட்டி எடுத்து அடைப்பை வெட்டி உடுவமா?"

"அண்ணா, இது அப்படி இல்லீங்..."

"பின்ன எப்படி?"

விலைதான் சுவரை இழுக்கிறது, சுவர் விலையை இழுக்கவில்லை என்று மோகனசுந்தரம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அத்தனை நாள் மூங்கில் குச்சியால் காட்டியதெல்லாம் என்னவாகும்? அவன் குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ வாங்கப் போனான், திரும்பி வரவில்லை. முதலாளி யோசித்தார், அவருடைய சொந்த மூட்டைகளும் அங்கேதான் கிடந்தன, சரி என்றார். கொத்தனார் கும்பிட்டு விலகிக்கொண்டார். சென்னியப்பனே ரம்பமும் கடப்பாரையும் கொண்டுவந்தார்.

மயிலாத்தாள் களத்திலிருந்து ஓடி வந்தாள். "அது கூரையைத் தாங்கறதுங்க! உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா? அது வெலையைத் தடுக்கறதுக்கு வெச்ச கட்டை இல்லீங்க, கூரையைத் தாங்கறதுக்கு வெச்ச கட்டைங்க!"

"ஒரு நாளைக்கு மயிலா" என்றார் அவர், ஏணிமேல் நின்றபடி, குழந்தைக்குச் சொல்வதுபோல. "ஒரே ஒரு நாளைக்கு. தாண்டட்டும். நாளானைக்கே போர் வண்டியக் கூட்டீட்டு வந்தர்றேன்."

விட்டத்தின் நடுப்பகுதியை அறுத்துக் கடப்பாரையால் நெம்பி எடுத்தபோது, ஏலம் முடியாத அந்தக் காலை வேளையிலேயே, சுவர் கடிக்க ஆரம்பித்தது. இவ்வளவு வேகமாக அது கடித்து நாங்கள் கேட்டதில்லை. விரிசல் விட்டமிருந்த இடத்தைத் தாண்டியது, தாண்டி மேலே, மேலே, நேராகக் கூரைக்கு ஓடியது. பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள், யாரோ போனில் வீட்டுக்குக் கூப்பிட்டு ஏறீருச்சு ஏறீருச்சு என்று கத்தினார்கள். அந்தக் கைதட்டலுக்குள்தான் கூரை இறங்கியது.

புழுதி மஞ்சளாக எழும்பி ஊரையே மூடிற்று. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள், ஏணியோடு விழுந்த சென்னியப்பனை வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், மூட்டை தூக்கிய தோள்கள்தானே, கனமாகவே இல்லை. வழியெல்லாம், ஏலம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியிலும், ஏறீருச்சா என்ற ஒன்றைத்தான் அவர் கேட்டார். அன்றைக்கு ஏலத்தில் மஞ்சள் முந்தின நாள் விலைக்கே போயிருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நல்லா ஏறீருச்சுங்க என்று சொன்னோம்.

முதலாளி அதே செங்கற்களை வைத்துச் சுவரை மறுபடி எழுப்பினார். பூசவில்லை. பெஞ்சை அதே இடத்தில் போட்டார்கள், ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தார்கள், சுவர் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள், அதை உறக்கம் என்றார்கள், நீண்ட உறக்கத்துக்குப் பிறகு வருகிற ஏற்றம் பெரிய ஏற்றமாக இருக்கும் என்றார்கள்.

இடிபாட்டிலிருந்து மீட்ட தங்கள் மூட்டைகளை மயிலாத்தாள் வீட்டுக்கே கொண்டுவந்து அடுக்கினாள். இப்போது அவளைத் தடுக்க யாரும் இல்லை. வண்டு அரித்ததைப் பொறுக்கி எறிந்து, நல்லதைப் புடைத்து, ஏலத்துக்குக் காட்டும் மாதிரியை ஒரு துணிப்பையில் கட்டிவைத்தாள். ஆடியின் கடைசி வாரம். போர் வண்டிக்காரனிடம் சொல்லிவைத்தாகிவிட்டது, நாளை மறுநாள் கடைசி, அதற்குமேல் நிற்க மாட்டான். நாங்கள் இருவர் மூட்டைகளை ஏற்ற ஆட்டோவோடு வாசலில் போய் நின்றோம். காலை வெயில் முற்றத்தில் விழுந்திருந்தது. அவள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டிலில் கிடந்த சென்னியப்பனிடம் போயிட்டு வாரனுங்க என்று சொல்ல உள்ளே போனாள்.

கிர்ர்... கிர்ர்...

மூட்டையில் வண்டுதான் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மயிலா" என்றது உள்ளேயிருந்து அவர் குரல், எத்தனையோ நாளைக்குப் பிறகு தெளிவாக. "ஏறுது புள்ள."

வாசலிலிருந்து எட்டிப் பார்த்தோம். கட்டில் போட்டிருந்த சுவரில், அவர் தலைமாட்டிலிருந்து ஒரு விரிசல் புறப்பட்டு, இரண்டு கொம்பு போட்டு, ஒரு மொடா போட்டு, சாமிப் படத்தின் கீழ்விளிம்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி, காதைச் சுவரில் வைத்துப் படுத்திருந்தார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மயிலாத்தாள் பையோடு நின்றாள். சுவரைப் பார்க்காத ஒரே ஆள், பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள், நிறுத்தி, மறுபடி கீழிருந்து பார்த்தாள். மொடா இருந்த இடத்தில் அவள் கண் நின்றதை நாங்கள் கண்டோம், போலாம் வாங்கக்கா என்று எங்களில் ஒருவனாவது வாயைத் திறந்திருக்க வேண்டும், ஆனால் நாங்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெகுநேரம் கழித்து அவள் வாசலுக்கு வந்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு வேண்டாஞ் சாமி. நாளைக்கு வாங்க."

ஆட்டோவைத் திருப்பினோம். முற்றத்தில் அவள் பையின் முடிச்சை அவிழ்த்து, மாதிரி மஞ்சளை மறுபடி முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்து, வண்டு அரித்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள்.